ஒன்றும் வாங்க வேண்டாம், பார்க்கத்தான் வந்தோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில், பன்வில பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரை)



நீரிழிவைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். வைத்தியர் என்றால் எல்லா மேடையிலும் நீரிழிவுதான். இன்று பகல் சாப்பாட்டில் வட்டிலப்பம் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். ஆகவே அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று எங்கள் குடும்பம் ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்த்த கதையைச் சொல்கிறோம். கதையின் முடிவில் சங்கத்திடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

பன்விலயில் வளர்ந்த நமக்கு 'டவுனுக்குப் போவது' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வத்துகாமம் தாண்டிக் கண்டியில் இறங்க வேண்டும். ஒரு வேலையை முடித்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முன் திரும்ப வேண்டும். அந்த வேலை அடகு மீட்பதாக இருக்கும், அடையாள அட்டையாக இருக்கும், ஈ.பி.எஃப். பணமாக இருக்கும், அல்லது பெரியாஸ்பத்திரியாக இருக்கும். எங்கள் அம்மா 38 வருடம் கொழுந்து பறித்தவர். அத்தனை வருடத்தில் ஒரு காரணமும் இல்லாமல் கண்டிக்குப் போன நாள் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், யோசித்துப் பார்த்துவிட்டு, "காரணம் இல்லாம எதுக்குப் புள்ள போறது?" என்று எங்களையே திருப்பிக் கேட்பார்.

நமக்கு அப்படி ஒரு நாளைக் காட்ட முயன்றது இந்தப் பாடசாலைதான். எங்கள் வகுப்புக்கு 1990களில் ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடானது. தலதா மாளிகை, கண்டி மார்க்கெட், பேராதனைப் பூங்கா. போய் வந்தவர்கள் பூங்காவின் பெரிய அத்திமரத்தைப் பற்றியும் மாளிகை வாசல் யானைத் தந்தங்களைப் பற்றியும் ஒரு தவணை முழுக்கப் பேசினார்கள். அன்று எங்கள் வகுப்பில் ஐந்து பேருக்குக் காய்ச்சல். ஐந்து பேரும் லயத்துப் பிள்ளைகள். ஐந்து பேருக்கும் மறுநாளே சுகமாகிவிட்டது. அது என்ன காய்ச்சல் என்று டீச்சருக்கும் தெரியும், போய் வந்தவர்களுக்கும் தெரியும். எவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அன்றைக்கு மரியாதை என்றே எண்ணினோம். அந்த ஐவரில் இந்த உரையை ஆற்றுகிறவரும் ஒருவர்.

பிறகு 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை முன்றலில் குண்டு வெடித்தது. அங்கே உயிரிழந்தவர்களுக்காக நம் ஊரிலும் அழுதார்கள். அதன் பின் கண்டிக்குப் போகவும் பயந்தார்கள். வழியில் பஸ்ஸை மறிப்பார்கள். தமிழ்ப் பெயருள்ளவர்கள் கடதாசிகளோடு இறங்கி நிற்க வேண்டும். அப்போது எங்கள் அம்மாவிடம் காட்டுவதற்குப் போதிய கடதாசி இல்லை. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் கணக்கில் எங்கள் குடும்பம் போகவேண்டிய பக்கம். ஆனால் போகவில்லை. 1984இல் இராமேஸ்வரம் கப்பலும் நின்றுவிட்டது. இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுத் தேயிலையையே பறித்த அம்மா, 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகே இந்த நாட்டுப் பிரஜை ஆனார். அன்று முதல் ஒரு பிளாஸ்ரிக் பை. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடதாசி, அடையாள அட்டை எல்லாம் அதற்குள். பக்கத்து லயத்துக்குப் போனாலும் பை மடியில் இருக்கும்.

இந்த அம்மாவைத்தான் சென்ற வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஜப்பானுக்கு அழைத்துப் போனோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. தம்பி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடைய ஓவர்டைம் பணத்திலும் எங்கள் கடனிலும் போன பயணம் அது. அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். போன மூன்றாம் நாள் தம்பிக்கு லீவு கிடைத்தது. தோக்கியோவில் அசக்குசா என்ற இடத்திலுள்ள சென்சோஜி கோயிலுக்கும், அதன் வாசலிலுள்ள நகமிசே கடைத்தெருவுக்கும் புறப்பட்டோம்.

நிலத்துக்கடியில் ஓடும் ரயிலில் போனோம். அந்தப் பாதை 1927இல் திறக்கப்பட்டது, ஆசியாவிலேயே பழைய பாதைகளில் ஒன்று என்று தம்பி சொன்னார். மேலே ஏறி வந்தால் எதிரே சிவப்பு வாசல். பெயர் கமினாரிமோன், இடிவாசல் என்று பொருள். ஒரு பக்கம் இடித் தெய்வம், மறுபக்கம் காற்றுத் தெய்வம். நடுவில் ஏறக்குறைய 4 மீற்றர் உயரமும் 700 கிலோ எடையும் கொண்ட ஒரு சிவப்புக் கூடு தொங்குகிறது. வெசாக் கூட்டைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். பழைய வாசல் 1865இல் எரிந்து 95 வருடம் வாசலே இல்லாமல் கிடந்ததாம். நோயிலிருந்து சுகமான மட்சுஷிட்டா என்ற தொழிலதிபர், இன்றைய பானசோனிக் கம்பனியைத் தொடங்கியவர், 1960இல் இதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். "நேர்த்திக்கடன்" என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வாசலைத் தாண்டினால் கோயில் வரைக்கும் நேராக 250 மீற்றர் கடைத்தெரு. இரு பக்கமும் ஏறக்குறைய 90 கடைகள். அம்மா வாசலிலேயே நின்றார்.

"என்னா வாங்கணும்?"

"ஒன்னும் வாங்க வேணாம்மா. பார்க்கத்தான் வந்தோம்."

"ஒன்னும் வாங்காம கடைக்குள்ள எப்படிப் போறது? ஏசுவாங்க."

யாரும் ஏசமாட்டார்கள் என்று அவரை நம்பவைக்கப் பத்துக் கடை பிடித்தது. முதல் கடைகளில் ஓரமாக நின்று, எங்கள் முகத்தைப் பார்த்து, பிறகு பொருளைப் பார்த்தார். விசிறி, மரக்கட்டைச் செருப்பு, காகிதக் குடை, பூனைப் பொம்மை. பதினோராவது கடையோ பன்னிரண்டாவதோ, எங்களை விட்டுவிட்டுத் தானே உள்ளே போனார். ஒரு கடையில் மாவும் இனிப்புப் பயற்றங்களியும் சேர்த்து, பொம்மை அச்சில் சுடச்சுட வார்த்து எடுக்கிறார்கள். அந்த வேலையை நின்று பார்த்தார். எத்தனை நேரம் தெரியுமா? 20 நிமிடம். பிள்ளைகள் இழுத்தும் நகரவில்லை. அம்மா ஒரு வேலையைச் சும்மா நின்று பார்ப்பதை எங்கள் வாழ்க்கையில் அன்றுதான் கண்டோம். மற்றவர் வேலை செய்கையில் அவரும் ஏதாவது செய்துகொண்டுதான் இருப்பார்.

இன்னொரு கடையில் 'கமினாரி ஒக்கோஷி' என்ற இனிப்பு. அரிசிப் பொரியைச் சீனிப்பாகில் பிடித்துத் துண்டு போட்டது. வாயில் போட்டதும் அம்மா சொன்னார்: "இது நம்ம பொரி உருண்டதான். இஞ்சி தட்டிப் போட்டா இன்னும் நல்லாருக்கும்."

அந்தக் கடைத்தெரு உண்டான கதை நமக்குப் பொருத்தமானது. முந்நூறு வருடங்களுக்கு முன்னர், அக்கம்பக்கத்தில் இருந்த எளிய சனங்களுக்குக் கோயில் வளவைக் கூட்டிச் சுத்தம் செய்யும் கடமை இருந்தது. அதற்குப் பதிலாகப் பாதையோரத்தில் கடை போடும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். விளக்குமாறு பிடித்தவர்களின் கடைத்தெரு அது. 1923 பூமியதிர்ச்சியில் கடைகள் அழிந்தன. இப்போதுள்ள கடைகள் 1925இல் கட்டியவை. நமது நூற்றாண்டோடு ஏறக்குறைய ஒத்த வயது. வெள்ளிக்கிழமைகளில் இந்த மண்டபத்தைக் கூட்டிய நாமும், நம் சங்கத்தின் நூறாவது வயதில் அவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் கோயில். 628ஆம் ஆண்டு சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவரின் வலையில் ஒரு சிறிய சிலை அகப்பட்டது என்பது தலவரலாறு. சிலையை எவருக்கும் காட்டுவதில்லை. கன்னோன் என்று கும்பிடுகிறார்கள். கன்னோன் என்பது அவலோகிதேஸ்வரர். கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம் இருக்கிறதல்லவா? 14ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் கோயில். அந்த நாதரும் அவலோகிதேஸ்வரர்தான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம கண்டிச் சாமியா? கண்டியில ஒரு நாளும் பார்க்கலயே" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் சாமியை அறிமுகப்படுத்த, கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

கோயில் முன்னால் ஒரு பெரிய வெண்கலத் தூபக்கால். அதன் புகையைக் கையால் அள்ளி, நோவு உள்ள இடத்தில் தடவிக்கொள்கிறார்கள். முதுகு நோவுள்ளவர் முதுகில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தலையில். அம்மா முழங்காலுக்குத்தான் தடவுவார் என்று எதிர்பார்த்தோம். முழங்காலுக்கு நாங்கள்தான் மருந்து கொடுக்கிறோம். அவர் உச்சந்தலையிலும் பிடரியிலும் தடவினார். கொழுந்துக் கூடையின் கயிறு 38 வருடம் அழுத்திய இடம். அங்கே நோகிறது என்று ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. கேட்டோம். "அது நோவா? அது பழக்கம்" என்றார். வைத்தியம் படித்தவர்கள் நாங்கள். வீட்டிலேயே இருந்த ஒரு நோயாளியின் கழுத்தை அன்றுவரை தொட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கோயிலும் எரிந்த கோயில்தான். 1945 மார்ச் 10ஆம் திகதி இரவு தோக்கியோ மீது நடந்த குண்டுவீச்சில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். கோயிலின் பிரதான மண்டபமும் போனது. 1958இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தீயில் கருகிய ஒரு கிங்கோ மரம் வளவில் இன்றும் துளிர்க்கிறது. பக்கத்தில் ஐந்து அடுக்குக் கோபுரம் 1973இல் மீண்டும் எழுந்தது. அதன் மேல் அடுக்கில் வைத்திருக்கும் புத்தரின் தாது எங்கிருந்து வந்தது தெரியுமா? அனுராதபுரம் இசுருமுனிய விகாரையிலிருந்து. தம்பி அறிவிப்புப் பலகையைப் படித்துச் சொன்னதும், நம் பிள்ளைகள் "எங்க நாடு!" என்று துள்ளினார்கள். அம்மாவும் தலையாட்டினார். 'எங்க நாடு' என்று அந்தப் பிள்ளைகளுக்கு வாயில் இலகுவாக வருகிறது. அந்தச் சொல் வர அவர்களுடைய அம்மாயிக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

100 யென் போட்டு ஒரு பெட்டியைக் குலுக்கினால் குச்சி வரும். அந்த இலக்கத்துக்குரிய லாச்சியில் பலன் எழுதிய கடதாசி இருக்கும். கெட்ட பலன் அதிகம் வருகிற கோயில் என்று இதற்குப் பெயர், நூற்றுக்கு முப்பதாம். எங்கள் மகனுக்கு அந்த முப்பதில் ஒன்று வந்துவிட்டது. முகம் வாடிவிட்டான். கெட்ட பலன் வந்தால் அங்கேயே ஒரு கம்பியில் கட்டிவிட்டுப் போகலாம். அம்மாதான் அதை மடித்துக் கட்டிக் கொடுத்தார். "கெட்டதக் கட்டி வச்சிட்டுப் போங்கன்னு இடம் கொடுக்குதே, நல்ல சாமி" என்றார். அந்த வளவிலேயே ஒரு சிறிய மேட்டில் பென்தென் கோயில் இருக்கிறது. பென்தென் நம் சரஸ்வதி. இங்குள்ள சரஸ்வதிக்கு நரைத்த முடி, கிழவி உருவம். கதவு பூட்டியிருந்தது. வாணி விழாவில் நாம் ஆடிப்பாடிக் கும்பிட்ட சரஸ்வதிக்கும் வயதாகும் என்பது, நாற்பதைத் தாண்டிய பழைய மாணவிகளுக்கு ஓர் ஆறுதல்தானே.

பின்னேரம் இன்னொரு கோயில். பத்து நிமிட நடையில் மட்சுச்சியாமா என்ற சிறு குன்று. அங்கே இருப்பவர் பிள்ளையார். ஜப்பானில் ஷோதென் என்பார்கள். இவரையும் வெளியே காட்டுவதில்லை. குன்று ஏற வயதானவர்களுக்கென்று ஒரு சின்னத் தண்டவாள வண்டி இருக்கிறது. அம்மா அதில் ராணி மாதிரி ஏறினார். அங்கே பிள்ளையாருக்குப் படைப்பது மோதகம் இல்லை, முள்ளங்கி! விளக்கிலும் படியிலும் முள்ளங்கியைச் செதுக்கியிருக்கிறார்கள். முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கிப் படைக்கிறார்கள். படைத்ததை வந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். நம் பக்கத்துச் சில பழைய பிள்ளையார் சிலைகளின் கையிலும் முள்ளங்கி உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம். அம்மாவுக்கு ஒரே ஆதங்கம். "லயத்துக்குப் பின்னால எத்தன வருசம் முள்ளங்கி போட்டேன். பிள்ளையாருக்கு ஒன்னு வைக்கணும்னு தெரியலயே."

திரும்புகையில் அம்மாவின் கையில் 2000 யென் கொடுத்து, "இது உங்களுக்கு மட்டும். வீட்டுக்கும் வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டாம்" என்று சொன்னோம். பாதிக்குப் பொரி உருண்டைதான் வாங்கினார், லயத்துச் சனங்களுக்கு. மீதிக்கு ஒரு பருத்தித் துணி, நீல நிறத்தில் அலை போட்டது. கூடைக் கயிற்றுக்கு அடியில் தலைக்குப் போடும் துணியின் அளவு. "அப்ப கிடைச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். இப்போது கோயிலுக்குப் போகையில் தோளில் போட்டுக்கொள்கிறார்.

நகமிசேயில் கடைகள் பூட்டத் தொடங்கிவிட்டன. பூட்டிய கதவுகளிலும் திருவிழாப் படங்கள் வரைந்திருக்கிறார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி அவசரப்படுத்தினார். அம்மா நின்று கேட்டார்: "இன்னொருக்கா அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு வருவமா?" முழங்கால் நோவோடு 250 மீற்றர் போய், 250 மீற்றர் வந்தார். ஒன்றும் வாங்கவில்லை.

ரயிலில் அமர்ந்ததும் மடியிலிருந்து பிளாஸ்ரிக் பையை எடுத்தார். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிரஜாவுரிமைக் கடதாசி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னைக்கு முழுக்க ஒருத்தரும் இதக் கேக்கலயே." எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இனி அந்த விண்ணப்பத்துக்கு வருகிறோம்.

எங்கள் கிளினிக்குக்குத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மார் நிறையப் பேர். கண்டியில் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டால், வாட்டு இலக்கத்தைச் சொல்கிறார்கள். அவர்களுக்குக் கண்டி என்றால் பிரசவம், ஒப்பரேஷன், சாவு. வாவிக் கரையில் ஒரு தடவை சும்மா உட்கார்ந்ததில்லை. நோய் முற்றிய பிறகு பயத்தோடுதான் பஸ் ஏறுகிறார்கள். ஊரைப் பார்த்துப் பழகிய பெண், ஆஸ்பத்திரிக்கும் நேரத்தோடு வருவாள் என்பது எங்கள் அனுபவம்.

நூற்றாண்டு நினைவாகச் சங்கம் ஒரு வளைவு கட்ட நினைப்பது நல்லதுதான். கட்டுங்கள். அதோடு வருடத்துக்கு ஒரு பஸ்ஸும் விடுவோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களோடு அவர்களின் தாய்மார். தாயில்லாத பிள்ளைக்கு அம்மாயியோ அப்பாயியோ சித்தியோ. நாள் ஞாயிற்றுக்கிழமை, ஒருவருக்கும் பேர் நட்டமாகக் கூடாது. காலையில் தலதா மாளிகை, நாத தேவாலயம், பத்தினி தேவாலயம். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், விரும்பினால் ஒரு முள்ளங்கியும். பகலுக்கு மேல் பேராதனைப் பூங்கா. வரும் வழியில் மார்க்கெட். ஒவ்வொரு தாயின் கையிலும் அவருக்கென்று மட்டும் ஒரு சிறு தொகை. எவரிடமும் காசு கேட்கக் கூடாது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற பட்டியலும் வேண்டாம். அப்போது ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வராது.

முதல் வருடச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. அன்று காய்ச்சலில் கிடந்த ஐவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஒருவர் கனடாவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் மடுல்கலையில், ஒருவர் இதே பாடசாலையில் ஆசிரியை. அடுத்த வருடங்களை மற்ற வகுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமாரே, ஒரு பஸ், ஐம்பது சாப்பாடு, ஐம்பது சிறு தொகை. உங்களுக்கு அது பெரிய கணக்கில்லை.

முதல் பஸ்ஸில் எங்கள் அம்மாவும் வருகிறார். நாத தேவாலயத்தைப் பார்க்க வேண்டுமாம். வாசலில் தயங்கி நிற்கும் தாய்மாருக்கு, "ஒன்னும் வாங்க வேணாம், பார்க்கத்தான் வந்தோம்" என்று சொல்லிக் கொடுக்கும் வேலையைத் தானே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பிளாஸ்ரிக் பையும் வரும். அதை விட்டுவிட்டு வரும்படி நாங்கள் சொல்லவில்லை. அவராக ஒரு நாள் விடட்டும்.

நீரிழிவுள்ளவர்கள் வட்டிலப்பத்தில் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.